கோலாலம்பூர் பழைய ரயில் நிலையம்: தமிழர் உழைப்பின் மேல் எழுந்த வெள்ளைக் கோபுரங்கள்

கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் ஹிஷாமுடினில், தேசியப் பள்ளிவாசலுக்குச் சற்றுத் தள்ளி, வெள்ளை நிறத்தில் வளைவுகளும் குவிமாடங்களுமாக நிற்கும் கட்டடத்தைப் பார்க்காத மலேசியத் தமிழர் குறைவு. பத்துமலைக்குப் போகும் கொமுட்டர் ரயில் கேஎல் சென்ட்ரலை விட்டுப் புறப்பட்டதும் முதலில் நிற்பது இங்கேதான். பலர் சன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த நிலையத்துக்குப் போய்விடுகிறார்கள். இறங்கிச் சுற்றிப் பார்ப்பவர்கள் மிகச் சிலர்.

1910ஆம் ஆண்டு ஆகஸ்டு 1ஆம் தேதி திறக்கப்பட்ட இந்த நிலையம் நூறாண்டுகளைக் கடந்தும் ரயில் நிலையமாகவே இயங்கி வருகிறது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் தலைநகரின் தலைவாசலாக இருந்தது. 2001க்குப் பிறகு அந்தப் பெருமை கேஎல் சென்ட்ரலுக்குப் போனது. ஆனாலும் இன்று கொமுட்டர், எல்ஆர்டி, எம்ஆர்டி, பேருந்து ஆகிய நான்கையும் நடந்தே எட்டக்கூடிய இடமாக அது இருக்கிறது. தோட்டங்களிலும் ரயில்வே குடியிருப்புகளிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் கதையும் இந்த மேடைகளோடு பின்னிக் கிடக்கிறது.

ஈயம் அழைத்து வந்த ரயில்

மலாயாவின் முதல் ரயில் பாதை 1885ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் தேதி பேராக்கில் திறக்கப்பட்டது. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகம் வரை அதன் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர்தான். லாரூட் ஈயத்தைக் கப்பலேற்றுவதே அதன் வேலை. அந்தப் பாதையைப் போட இலங்கையிலிருந்து பயோனியர் படையைச் சேர்ந்த இரண்டு பிரிவுகள் வரவழைக்கப்பட்டன. நாட்டின் ரயில் வரலாறு முதல் மைலிலிருந்தே கடல் கடந்து வந்த தொழிலாளர்களின் வரலாறாகவும் இருக்கிறது.

சிலாங்கூரின் கதையும் ஈயத்தில்தான் தொடங்குகிறது. கோலாலம்பூரைச் சுற்றித் தோண்டிய ஈயம் அதுவரை கிள்ளான் ஆற்றில் படகு வழியாகவும் மாட்டு வண்டியிலும் போய்க்கொண்டிருந்தது. 1886ஆம் ஆண்டு செப்டம்பரில் கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றங்கரையில் உள்ள புக்கிட் கூடாவுக்கும் இடையே சுமார் 31 கிலோமீட்டர் பாதை திறக்கப்பட்டது. ஆற்றின் மேல் பாலம் கட்டி முடிந்ததும் 1890ல் ரயில் கிள்ளான் நகருக்குள் நுழைந்தது. 1901ல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று போர்ட் கிள்ளான் என்று நாம் அழைப்பது அதைத்தான்.

கோலாலம்பூரில் அப்போது ஒரே பெரிய நிலையம் கிடையாது. 1886ல் அமைந்த ரெசிடென்ட் நிலையமும் 1890களில் வந்த சுல்தான் ஸ்திரீட் நிலையமும் தனித்தனியாக இயங்கின. ரயில் வந்ததால் இடம் மாறியவற்றில் நம்மவர் கோயில் ஒன்றும் உண்டு. 1873ல் கே. தம்புசாமிப் பிள்ளை நிறுவிய மகா மாரியம்மன் கோயில், தொடக்கத்தில் இன்றைய ரயில் நிலையப் பகுதிக்கு அருகில்தான் இருந்தது. 1885ல் அது இப்போதுள்ள ஜாலான் துன் எச்.எஸ். லீக்கு மாற்றப்பட்டது. ரயில் நிலையத்துக்கு இடம் விடவே அம்மன் இடம்பெயர்ந்தாள் என்பது கோயிலைச் சார்ந்தவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. தைப்பூசத்தின்போது வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்படுவது இந்தக் கோயிலிலிருந்துதான்.

தண்டவாளம் போட்டவர்கள் யார்?

காட்டை வெட்டி, மண்மேடு கட்டி, சரளைக்கல் கொட்டி, சிலிப்பர் கட்டை அடுக்கி, அதன் மேல் தண்டவாளம் இறக்கும் வேலையில் பெரும்பங்கு தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுடையது. ரயில்வேயும் பொதுப்பணித் துறையும் தோட்டங்களும் ஒரே கூலிச் சந்தையிலிருந்துதான் ஆட்களை எடுத்தன. நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்களில் ஒரு பகுதி ரப்பர் மரத்தடிக்கும் மற்றொரு பகுதி தண்டவாளத்துக்கும் போனது. ரயில்வேக்கும் பொதுப்பணித் துறைக்கும் இந்தியாவிலிருந்து தொழிலாளர்களை அழைத்துவரும் பொறுப்பு தம்புசாமிப் பிள்ளைக்கும் கொடுக்கப்பட்டிருந்ததாக அவரைப் பற்றிய வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன.

பாதை போட்டு முடிந்தாலும் வேலை முடியவில்லை. மழை அதிகமான நாட்டில் மண் அரிக்கும், கட்டை உளுக்கும், ஆணி தளரும். இதற்காகப் பாதையைச் சில மைல்களாகப் பிரித்து ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கும்பல் தொழிலாளர்களை வைத்தார்கள். அவர்களுக்குத் தண்டவாளத்தின் ஓரத்திலேயே லயம் கட்டித் தரப்பட்டது. தோட்டத்து லயத்துக்கும் ரயில்வே லயத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. காலையில் பெரட்டுக்குப் பதில் தள்ளுவண்டி, ரப்பர்க் கத்திக்குப் பதில் சுத்தியல். பாதையோரத்தில் இருக்கும் சிறிய மாரியம்மன், முனீஸ்வரர் கோயில்கள் பலவும் இந்தக் குடியிருப்புகள் விட்டுச் சென்ற அடையாளங்கள்.

அலுவலக மேசையில் வேறொரு தமிழர் கூட்டம் உட்கார்ந்திருந்தது. யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்த இலங்கைத் தமிழர்கள் கிராணிகளாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் ரயில்வேயில் சேர்ந்தார்கள். 1901ல் கூட்டு மலாய் மாநில ரயில்வே உருவானபோது அதன் முதல் பொது நிர்வாகியாக வந்த சார்லஸ் எட்வின் ஸ்பூனர், முன்பு இலங்கையில் பணியாற்றியவர். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் படிப்பையும் கணக்கையும் அவர் அறிந்திருந்தார். இந்த வேலைவாய்ப்பு மலாயாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே ஒரு நீண்ட உறவை உண்டாக்கியது. பிரிக்பீல்ட்ஸ் கந்தசுவாமி கோயிலும் 1904ல் தொடங்கிய விவேகானந்தா ஆசிரமமும் அந்தச் சமூகத்தின் கைவண்ணம்.

ஒரே ரயில்வேயில், ஒரே மொழி பேசிய இரு கூட்டத்தார். ஒருவர் கையில் பேனா, மற்றவர் கையில் மண்வெட்டி. சம்பளத்திலும் குடியிருப்பிலும் அவர்களுக்கிடையே இருந்த தூரம் அதிகம். அந்த வேறுபாட்டையும் சேர்த்துத்தான் ரயில்வேத் தமிழர் வரலாற்றைப் படிக்க வேண்டும்.

ஹப்பேக் வரைந்த நிலையம்

1903ல் தெற்கேயும் வடக்கேயும் நீண்ட பாதைகள் இணைந்து பிறை முதல் சிரம்பான் வரை ரயில் ஓடத் தொடங்கியது. 1909ல் ஜோகூர் பாதையும் முடிந்ததும் பினாங்குக்கு எதிர்க்கரையிலிருந்து ஜோகூர் பாரு வரை தொடர்ந்து ரயிலில் போக முடிந்தது. நடுவில் இருந்த கோலாலம்பூருக்கு அதற்கேற்ற ஒரு நிலையம் தேவைப்பட்டது.

அதை வரைந்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பேக். இங்கிலாந்தின் லிவர்பூலில் 1871ல் பிறந்த இவர், 1895ல் சிலாங்கூர் பொதுப்பணித் துறையில் வரைவாளராகச் சேர்ந்தார். இன்று சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் என்று அழைக்கப்படும் அரசாங்க அலுவலகத்தின் வரைபடங்களில் அவருக்கும் பங்குண்டு. 1909ல் திறக்கப்பட்ட மஸ்ஜித் ஜாமெக், கோலகங்சார் உபுடியா பள்ளிவாசல், ஈப்போ ரயில் நிலையம் ஆகியவையும் இவருடைய கைவேலையே. பிரிட்டிஷார் வட இந்தியாவில் கண்ட மொகலாயக் கட்டடக் கலையை ஐரோப்பிய அமைப்போடு கலந்து எழுப்பிய பாணி இது. சென்னை எழும்பூர் நிலையத்தையோ உயர் நீதிமன்றத்தையோ பார்த்தவர்களுக்கு இங்கே ஓர் உறவு தெரியும். இந்தியாவில் பழகிய அதே பாணியைத்தான் பிரிட்டிஷ் அதிகாரிகள் மலாயாவுக்கும் கொண்டுவந்தார்கள். ஸ்பூனர் இந்தப் பாணியின் முக்கிய ஆதரவாளர். நிலையம் திறக்கப்படுவதற்கு முந்தைய ஆண்டிலேயே அவர் காலமாகிவிட்டார்.

கட்டடச் செலவு அப்போதைய நாணயத்தில் 723,000 டாலர். முன்புறம் முழுவதும் வரிசையாக வளைவுகள். குதிரை லாட வடிவிலும் நுனி கூரிய வடிவிலும் பல இதழ் வடிவிலும் அவை மாறி மாறி வரும். கூரையின் மூலைகளில் தூண்கள் தாங்கும் சிறு குடை மண்டபங்கள் நிற்கின்றன. ராஜஸ்தான் அரண்மனைகளில் காணப்படும் சத்ரி என்பது இதுதான். ஆனால் உள்ளே மேடைக்குப் போனால் முகம் மாறிவிடும். மேடைகளின் மேல் இருப்பது இரும்புச் சட்டங்களில் நிற்கும் அகலமான கூரை, அந்தக் கால இங்கிலாந்து ரயில் நிலையங்களில் பார்ப்பது போல. வெளியே மொகலாய அரண்மனை, உள்ளே விக்டோரியா காலத்து ரயில் நிலையம்.

இந்தக் கூரையைப் பற்றி ஒரு செவிவழிக் கதை உலவுகிறது. இங்கிலாந்து ரயில்வே விதிப்படி பனிப்பாரத்தைத் தாங்கும் வலிமையோடு கூரை அமைய வேண்டும் என்று மேலதிகாரிகள் பிடிவாதம் பிடித்தார்களாம். ஆண்டெல்லாம் வெயிலும் மழையும் தவிர வேறொன்றும் விழாத ஊரில் பனிக்குக் கூரை போட்ட கதையை ரயில்வேக்காரர்கள் சிரித்தபடி சொல்வது வழக்கம்.

நிலையத்தின் மேல்மாடிகளில் ஹோட்டல் இருந்தது. துரைமார்களும் வணிகர்களும் ரயிலிலிருந்து இறங்கி நேரே அறைக்குப் போகலாம். எதிரே சாலையைத் தாண்டி 1917ல் ரயில்வே நிர்வாகக் கட்டடம் எழுந்தது. அதையும் வரைந்தவர் ஹப்பேக். இரண்டுக்கும் இடையே ஒரு சுரங்க நடைபாதை உண்டு. 1932ல் பக்கத்திலேயே மெஜெஸ்டிக் ஹோட்டல் திறக்கப்பட்டது. அந்தக் காலத்தில் நகரின் அழகு முழுவதும் இந்த ஒரு வளைவில் குவிந்திருந்தது.

தோட்டத்துக்குப் போகும் வழி

1910 என்ற ஆண்டுக்குத் தமிழர் வரலாற்றில் இன்னொரு பொருளும் உண்டு. இந்தியாவிலிருந்து மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளைச் சேர்க்கும் முறை நிறுத்தப்பட்டது அந்த ஆண்டில்தான். அதற்குப் பின் கங்காணி முறையே முதன்மையானது. 1907ல் தொடங்கப்பட்ட தமிழர் குடியேற்ற நிதி தொழிலாளர்களின் கப்பல் கட்டணத்தை ஏற்றுக்கொண்டது. ரப்பர் விலை ஏறிய அந்த ஆண்டுகளில் ஆள் தேவையும் ஏறியது.

பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கியவர்களைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனது பெரும்பாலும் ரயில்தான். பாதை போன இடங்களிலெல்லாம் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின, ரப்பர் பெருகிய இடங்களுக்கெல்லாம் கிளைப் பாதைகள் நீண்டன. ஒன்றை ஒன்று வளர்த்தது. இன்றும் கொமுட்டர் பாதையில் கிள்ளான், ரவாங், நீலாய், சிரம்பான் என்று போகும்போது நாம் கடப்பது அந்தத் தோட்ட வரைபடத்தைத்தான். இப்போது அங்கே வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்பேட்டைகளும் நிற்கின்றன.

துரைமார் முதல் வகுப்பில் போனார்கள். தொழிலாளர்கள் மூன்றாம் வகுப்பு மர இருக்கையில், டிரங்குப் பெட்டியும் துணிமூட்டையுமாகப் போனார்கள். 1938ல் இந்திய அரசாங்கம் உதவி பெற்ற கூலிக் குடியேற்றத்தைத் தடை செய்தது. அதன் பிறகு வந்தவர்கள் பெரும்பாலும் சொந்தச் செலவில் வந்தவர்கள். அதற்குள் ரயில்வே சார்ந்த தமிழ்க் குடும்பங்கள் இந்த மண்ணில் இரண்டு தலைமுறையாகிவிட்டன.

போர்க்காலம்

1942ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் தேதி ஜப்பானியப் படை கோலாலம்பூருக்குள் நுழைந்தது. அதே ஆண்டு தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு ஜப்பானியர் ஆள் திரட்டத் தொடங்கினார்கள். நம்மவர் இன்றும் சயாம் மரண ரயில் என்று சொல்வது இதைத்தான்.

ரப்பர் விற்காமல் தோட்டங்கள் முடங்கிக் கிடந்தன. நல்ல சம்பளமும் சாப்பாடும் கிடைக்கும், சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்று சொல்லி ஆள் சேர்த்தார்கள். போகாதவர்களைப் பிடித்தும் ஏற்றினார்கள். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் எண்ணிக்கை 70,000ஐத் தாண்டும் என்று போருக்குப் பிந்தைய கணக்குகள் காட்டுகின்றன. அவர்களில் பெரும்பான்மையினர் தோட்டத் தமிழர்கள். காலரா, மலேரியா, பட்டினி, அடி ஆகியவற்றால் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். கைதிகளான வெள்ளைப் படையினருக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. தமிழ்த் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை.

தெற்கேயிருந்து சரக்குப் பெட்டிகளில் அடைத்து வடக்கே கொண்டுபோகப்பட்டவர்கள் மேற்குக் கரைப் பாதையில் கோலாலம்பூரைக் கடந்துதான் போனார்கள். சிங்கப்பூரில் பிடிபட்ட போர்க் கைதிகளின் ரயில்களும் இதே வழியில்தான் போயின. பாதைக்கு வேண்டிய இரும்பும் இங்கிருந்தே எடுக்கப்பட்டது. கிழக்குக் கரைப் பாதையின் ஒரு பகுதியில் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டு சயாமுக்கு அனுப்பப்பட்டன. அப்பன் போட்ட தண்டவாளத்தைப் பெயர்த்து, மகனைக் கொண்டே இன்னொரு நாட்டில் போட வைத்த காலம் அது.

1945ன் தொடக்கத்தில் நேச நாடுகளின் விமானங்கள் கோலாலம்பூர் ரயில்வே பணிமனைகளைக் குறிவைத்துக் குண்டு வீசின. மார்ச் மாதத் தாக்குதலில் ரயில் நிலையத்துக்கு அருகில் இருந்த சிலாங்கூர் அருங்காட்சியகம் சிதைந்தது. ரயில் நிலையம் தப்பி நின்றது.

செந்தூலும் பிரிக்பீல்ட்ஸும்

போருக்குப் பின் மலாயன் ரயில்வே, பிறகு கேடிஎம் என்று பெயர் மாறினாலும் உழைத்தவர்கள் மாறவில்லை. செந்தூல் மத்தியப் பணிமனையில் நீராவி இயந்திரங்கள் பழுதுபார்க்கப்பட்டன, பெட்டிகள் கட்டப்பட்டன. பணிமனைச் சங்கு ஊதினால் செந்தூல் முழுவதும் நேரம் தெரியும். பிரிக்பீல்ட்ஸில் இருந்தது ரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் பெரிய களம். அதைச் சுற்றி ஊழியர் குடியிருப்புகள், ஹண்ட்ரட் குவாட்டர்ஸ் உட்பட. ரயில்வே வேலை என்றால் வீடு உண்டு, மருத்துவம் உண்டு, ஆண்டுக்கு இலவசப் பயணச் சீட்டு உண்டு. பள்ளி விடுமுறையில் அந்தப் பாஸில் பிள்ளைகளைப் பட்டர்வொர்த்துக்கோ சிங்கப்பூருக்கோ அழைத்துப் போன குடும்பங்கள் ஏராளம்.

தொழிலாளர் ஒற்றுமையும் இங்கே வலுவாக இருந்தது. 1962 டிசம்பரில் ரயில்வே தொழிலாளர்கள் 22 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாள் கூலியாக இருந்தவர்களை மாதச் சம்பளத்துக்கு மாற்ற வேண்டும் என்பது அவர்களின் முக்கியக் கோரிக்கை. நாட்டின் தொழிற்சங்க வரலாற்றில் அது குறிப்பிடத்தக்க போராட்டம். பல ஆண்டுகள் வேலை செய்தும் 'தினக்கூலி' என்ற சொல்லைச் சுமந்தவர்களுக்கு அது மானப் பிரச்சினையாக இருந்தது.

புகை போய் மின்சாரம் வந்தது

1986ல் கோலாலம்பூர் நிலையம் பெரிய அளவில் புதுப்பிக்கப்பட்டது. குளிரூட்டப்பட்ட காத்திருப்புக் கூடம், தகவல் முகப்பு, சிற்றுண்டிக் கடைகள் ஆகியவை வந்தன. 1992ல் ரயில்வே நிறுவனமயமாக்கப்பட்டது. 1995ல் கொமுட்டர் மின்ரயில் ஓடத் தொடங்கியதும் நிலையத்தின் தன்மையே மாறியது. நாளுக்குச் சில நெடுந்தூர ரயில்களை வழியனுப்பிய மேடைகள், வேலைக்குப் போகிறவர்களை நாளெல்லாம் ஏற்றி இறக்கத் தொடங்கின.

2001ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் தேதி கேஎல் சென்ட்ரல் திறக்கப்பட்டது. அது எழுந்த இடம் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே களம். நெடுந்தூர ரயில்களின் தலைமையிடம் அங்கே போனதும் பழைய நிலையத்தின் பெரிய கூடங்கள் வெறிச்சோடின. மேல்மாடி ஹோட்டல் சிலகாலம் ஹெரிட்டேஜ் ஸ்டேஷன் ஹோட்டல் என்ற பெயரில் நடந்து, பின்னர் மூடப்பட்டது. செந்தூல் பணிமனையின் வேலைகளும் பின்னாளில் பத்துகாஜாவுக்கு மாறின.

இன்று எப்படிப் பயன்படுத்தலாம்?

கோலாலம்பூர் நிலையத்தில் இரண்டு கொமுட்டர் வழித்தடங்கள் நிற்கின்றன. ஒன்று பத்துமலையிலிருந்து சிரம்பான் வழியாகப் பூலாவ் செபாங் போவது. மற்றொன்று தஞ்சோங் மாலிமிலிருந்து போர்ட் கிள்ளான் போவது. கிள்ளான், ஷா ஆலம், சுபாங் ஜெயா, காஜாங், நீலாய், சிரம்பான், ரவாங் ஆகிய எந்தப் பகுதியிலிருந்து வருபவரும் மாறாமல் இங்கே வந்து இறங்கலாம்.

நிலையத்திலிருந்து கிள்ளான் ஆற்றைக் கடக்கும் நடைபாலம் பாசார் செனி நிலையத்துக்குக் கொண்டுசெல்லும். அங்கே கோம்பாக் முதல் புத்ரா ஹைட்ஸ் வரை போகும் கிளானா ஜெயா எல்ஆர்டியும், குவாசா டாமன்சாராவிலிருந்து காஜாங் போகும் எம்ஆர்டியும் கிடைக்கும். எம்ஆர்டி இங்கே வந்தது 2017ல். பாசார் செனியில் பேருந்து மையமும் உண்டு. கொமுட்டர் ஒரு நிறுவனம், எல்ஆர்டியும் எம்ஆர்டியும் வேறு நிறுவனம் என்பதால் இடையில் அட்டையைத் தட்டி வெளியேறி, மறுபடி தட்டி உள்ளே போக வேண்டும். கட்டணமும் தனித்தனி. டச் அண்ட் கோ அட்டை இரண்டுக்கும் செல்லும்.

மாரியம்மன் கோயில், பெட்டாலிங் ஸ்திரீட், மத்தியச் சந்தை ஆகியவற்றுக்குப் போகிறவர்கள் கேஎல் சென்ட்ரலில் இறங்கி வேறு ரயில் மாறுவதைவிட, கொமுட்டரில் இன்னும் ஒரு நிறுத்தம் வந்து இங்கிருந்து நடப்பது எளிது. தேசியப் பள்ளிவாசலும் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகமும் மறுபக்கம் நடக்கும் தூரத்தில் உள்ளன. பழைய கட்டடம் என்பதால் படிகள் அதிகம். மூத்தோரையும் தள்ளுவண்டிக் குழந்தையையும் அழைத்து வருபவர்கள் சற்று நேரம் கூட்டி வைத்துக்கொள்வது நல்லது.

தைப்பூச நாள்களில் இந்த நிலையத்தின் பயன் இன்னும் தெளிவாகத் தெரியும். செந்தூலிலிருந்து பத்துமலை வரையிலான மின்ரயில் பாதை 2010ல் திறக்கப்பட்டது. கோலாலம்பூர் நிலையத்திலிருந்து பத்துமலை ஏழாவது நிறுத்தம். பேங்க் நெகாரா, புத்ரா, செந்தூல், பத்து கெண்டோன்மென், கம்போங் பத்து, தாமான் வாயு ஆகியவற்றைத் தாண்டினால் மலையடிவாரம். முதல் நாள் இரவு ரதம் புறப்படுவதை மாரியம்மன் கோயிலில் பார்த்துவிட்டு, பாலம் வழியாக நடந்து வந்து இங்கே ரயிலேறும் பக்தர்கள் உண்டு. ரயிலுக்காக ஒருகாலத்தில் இடம்பெயர்ந்த அம்மனின் பிள்ளைகளை, இப்போது அந்த ரயிலே முருகனிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. விழாக் காலத்துக் கூடுதல் ரயில் நேரங்களைக் கேடிஎம் முன்கூட்டியே அறிவிக்கும். அதைப் பார்த்துக்கொண்டு கிளம்புவது நல்லது.

மூன்று நிலையங்கள், மூன்று வழிகள்

பழைய நிலையத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு இந்த வட்டாரம் மூன்று விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது.

1917ல் முடிந்த ஈப்போ நிலையம் இன்றும் அந்த நகரின் முதன்மை நிலையமே. 2010ல் தொடங்கிய இடிஎஸ் அதிவேக மின்ரயில் முதலில் ஓடியது கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் இடையேதான். பழைய குவிமாடத்தின் கீழ் இருந்து புதிய ரயிலில் ஏறலாம். அங்கே கட்டடமும் வேலையும் பிரியவில்லை.

சிங்கப்பூரில் 1932ல் திறக்கப்பட்ட தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி ரயில் 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதி புறப்பட்டது. அதை ஓட்டியவர் ஜோகூர் சுல்தான் இப்ராஹிம். கட்டடம் தேசிய நினைவுச்சின்னமாகக் காப்பாற்றப்பட்டது. வட்டப்பாதை எம்ஆர்டியின் கெண்டோன்மென்ட் நிலையம் அதன் அருகிலேயே அமைக்கப்பட்டது. அங்கே ரயில் போய், கட்டடம் மிஞ்சியது.

கோலாலம்பூர் நிலையம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ரயில் நிற்கிறது, பயணிகள் வருகிறார்கள், ஆனால் கட்டடத்தின் பெரும்பகுதிக்குத் தினசரி வேலை இல்லை. ஆளில்லாத அறைதான் சீக்கிரம் பழுதாகும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தில் பெயரும், கூரை இடுக்கில் செடி முளைக்கும். சட்டப் பாதுகாப்பு கட்டடத்தை இடிக்காமல் காக்கும். அதை உயிரோடு வைப்பது அங்கே வந்துபோகும் மக்கள்தான்.

காப்பாற்ற வேண்டியது எது?

ஹப்பேக்கின் பெயர் எல்லா வழிகாட்டி நூல்களிலும் இருக்கிறது. வளைவுகளின் வகைகள் கூட எண்ணி எழுதப்பட்டிருக்கின்றன. அஸ்திவாரம் தோண்டியவர், சிலிப்பர் கட்டை சுமந்தவர், கொடி காட்டியவர், இன்ஜினுக்கு நிலக்கரி அள்ளிப் போட்டவர் ஆகியோரின் பெயர்கள் மிகக் குறைவாகவே எழுத்தில் வந்துள்ளன. அவை இருப்பது வீட்டு அலமாரிகளில். தாத்தாவின் சேவைச் சான்றிதழ், பித்தளைப் பொத்தான் வைத்த சட்டை, ஓய்வுபெற்ற நாளில் எடுத்த குழுப்படம், பழைய பாஸ், சங்க உறுப்பினர் அட்டை ஆகியவை நாட்டின் ரயில் வரலாற்றுக்கு ஆவணங்கள்.

வீடு மாறும்போது இவைதான் முதலில் குப்பைக்குப் போகின்றன. அப்படிப் போகாமல் பார்த்துக்கொள்வது பெரிய செலவில்லாத வேலை. படங்களின் பின்னால் பெயர், ஊர், ஆண்டு எழுதி வைக்கலாம். கைப்பேசியில் படமெடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்பலாம். ரயில்வேயில் வேலை செய்த பெரியவர்கள் இன்னும் இருக்கும் வீடுகளில், அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யலாம். வைத்திருக்க வசதியில்லாதவற்றைத் தேசிய ஆவணக் காப்பகம் போன்ற பொது நிறுவனங்களிடம் ஒப்படைப்பது பற்றிக் கேட்கலாம். தமிழ்ப்பள்ளிகள் மாணவர்களைக் கொமுட்டரில் ஏற்றிவந்து இந்த நிலையத்தைக் காட்டுவதற்கு அரைநாள் போதும்.

அடுத்த முறை பத்துமலைக்கோ பாசார் செனிக்கோ போகிறவர்கள் இந்த நிலையத்தில் ஒரு ரயிலைத் தவறவிட்டால் நட்டமில்லை. மேடையின் ஓரத்தில் நின்று இரும்புத் தூண்களையும் கீழே ஓடும் தண்டவாளத்தையும் பார்க்கலாம். ஒரு மீட்டர் அகலப் பாதை அது. 1886லும் அதே அகலம்தான். கட்டை மாறிவிட்டது, இரும்பு மாறிவிட்டது, மேலே மின்கம்பி வந்துவிட்டது. முதலில் அளந்து போட்ட வழி மட்டும் மாறவில்லை.